வால் இல்லாமல் இறங்கிய வண்டி

மலைப்பாதையில் பஸ் ஓட்டிப் பிழைக்கிறவனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்பதைக் கப்பல் கிளம்பிய அன்றைக்கே தெரிந்துகொண்டேன். செங்கோட்டைக் கணவாயில் எத்தனையோ பேர் என் பஸ் ஜன்னலில் தலையை நீட்டி வாந்தி எடுத்திருக்கிறார்கள். "எலுமிச்சம்பழத்தை மோந்து பாரும், எல்லாம் சரியாப் போயிரும்" என்று ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இளக்காரமாகச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் அத்தனை பேரும் மனதுக்குள் என்னைத் திட்டியது அந்த நாலு நாளில் வட்டியும் முதலுமாக வந்து சேர்ந்தது. எலுமிச்சம்பழத்தைப் பார்த்தாலே குமட்டியது.

ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. என் தங்கை செல்லத்தின் புருஷன் முத்தையா, அந்தமானில் ஒரு மரக் கேம்ப்பில் லாரி டிரைவராக இருந்தான். வண்டி கவிழ்ந்து இறந்துவிட்டான் என்று தந்தி வந்தது. வேறு விவரம் இல்லை. அடுத்த கப்பலுக்கு மழைக்காலம் முடியும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. "அவளைக் கையோட கூட்டிட்டு வந்துரு. அத்துவானக் காட்டுல பொட்டப்பிள்ள தனியா என்ன செய்வா?" என்று அம்மா சொல்லி அனுப்பினாள். என் தகரப்பெட்டியின் அடியில் ஒரு வெள்ளைக் கோடிப் புடவையையும் அவளே மடித்து வைத்தாள். புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து போக வேண்டிய கோடி அது. அதன் மேலே என் வேட்டி சட்டைகளை அடுக்கினேன். வழியெல்லாம் சட்டை எடுக்கப் பெட்டியைத் திறக்கும்போது அது கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டேன்.

எனக்குத் துக்கத்தோடு கோபமும் இருந்தது. ஊரில் நாலு பேர் கூடுகிற இடத்தில், "தண்ணியப் போட்டுட்டு ஓட்டியிருப்பான்" என்று காதுபடவே பேசினார்கள். முத்தையா குடிக்கமாட்டான், அது எனக்குத் தெரியும். ஆனால் டிரைவருக்கு டிரைவர் மனசு வேறு மாதிரி. ஓடுகிற வண்டியை ஒருவன் எப்படிக் கவிழ்ப்பான்? பிரேக்கைப் பார்க்காமல் எடுத்தானா? கியரை நியூட்ரலில் போட்டு இறக்கினானா? ஏதோ ஒரு அஜாக்கிரதைதான் என் தங்கையின் தாலியை அறுத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டே கப்பலில் படுத்துக் கிடந்தேன்.

கீழ்த்தளத்தில் எனக்குப் பக்கத்துப் படுக்கை ஒரு வங்காளிக் கிழவருடையது. கிழக்கு வங்காளத்திலிருந்து அந்தமானுக்கு அகதியாக வந்து, காட்டை வெட்டி நெல் போட்டவராம். தகரத்தட்டில் தினமும் வந்த சோற்றையும் பருப்பையும் அவர் விரலை நக்கிச் சாப்பிடுவார். நான் அதைப் பார்க்காமல் திரும்பிப் படுத்துக்கொள்வேன். எங்கே போகிறாய் என்று ஹிந்தியில் கேட்டார். எதிர்ப் படுக்கை மலையாளக் கம்பவுண்டர் அதைத் தமிழாக்கினார். மாயாபந்தருக்கு அப்பால் ஒரு மலைக் கேம்ப் என்றேன்.

"அங்கே ரோடு உண்டா?" என்று நான் திருப்பிக் கேட்டேன்.

கிழவர் சொன்னதைக் கம்பவுண்டர் மொழிபெயர்த்தார்: "நேத்து லாரி எந்த வழியாப் போச்சோ அதுதான் ரோடு. ராத்திரி மழை பெஞ்சா அதுவும் கிடையாது."

அந்தமானின் ஹேடோ துறைமுகத்தில் இறங்கியபோது தரை ஆடியது. மூட்டைகளும் கிரேன் சத்தமும் ஹிந்திக் கூச்சலுமாக இருந்த கூட்டத்தில் ஒரு ஆள் நேராக என்னிடம் வந்து பெட்டியை வாங்கினான். கறுத்து மெலிந்த உடம்பு, கழுத்தில் சிலுவைக் கயிறு.

"அண்ணாச்சி, நான் அந்தோணி. தூத்துக்குடிக்காரன். முத்தையாவும் நானும் ஒரே கேம்ப்புல வண்டி ஓட்டுனோம். ஒங்க மொகத்துல செல்லம் அக்கா சாயல் அப்படியே இருக்கு" என்றான். கண்ணில் தண்ணீர் நின்றது. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டான். கூலியாளிடம் கொடு என்றால் கேட்கவில்லை.

பஜாரில் ஒரு தமிழ் ஓட்டலுக்குக் கூட்டிப்போனான். இட்லி நன்றாகத்தான் இருந்தது. சாம்பாரில் முருங்கைக்காய்க்குப் பதில் பப்பாளிக்காய் மிதந்தது. "மெயின்லேண்ட்லருந்து ஷிப் வந்தாத்தான் முருங்கைக்காய்" என்றார் ஓட்டல்காரர். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை அந்தோணி உட்காரவே இல்லை. தண்ணீர் ஊற்றினான், சட்னி கேட்டு வாங்கிப் போட்டான். பிறகு ஒரு ஓரமாக நின்று டீ மட்டும் குடித்தான். கடற்கரைக்காரர்களுக்கே உள்ள உபசாரம் என்று நினைத்தேன். ஆனாலும் அது கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது. எனக்கு யாராவது இப்படிப் பணிவிடை செய்தால் சங்கடமாக இருக்கும்.

அடுத்த நாள் மாயாபந்தர் போகிற சின்னக் கப்பலில் கோழிக்கூடைகளுக்கு நடுவே இடம் கிடைத்தது. வண்டி எப்படிக் கவிழ்ந்தது என்று அவனிடம் கேட்டேன்.

"மழை அண்ணாச்சி" என்றான்.

"மழை எங்க ஊர்லயும்தான் பெய்யுது. பிரேக் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"குடிச்சிருந்தானா?"

"சேசுவே! அவனப் பத்தி அந்த வார்த்தையச் சொல்லாதீங்க." அவன் எழுந்து கப்பலின் மறுபக்கம் போய்விட்டான். கரை தெரிகிற வரைக்கும் திரும்பி வரவில்லை.

மாயாபந்தரிலிருந்து டுங்கி என்று சொல்லும் சிறு படகில் உப்பங்கழி வழியாகப் போனோம். இரண்டு பக்கமும் வேர்களை வெளியே நீட்டி நிற்கும் மரங்கள். தண்ணீரில் கையை விடாதே, முதலை இருக்கிறது என்று படகுக்காரர் எச்சரித்தார். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தேன். கழி முடிகிற இடத்தில் அடிவாரக் கேம்ப். நாலைந்து கொட்டகை, தண்ணீரில் கட்டிப்போட்ட மரங்கள், அவற்றை உருட்டித் தள்ளிக்கொண்டிருந்த ஒரு யானை. மேலே, மலை மீது, மரம் வெட்டுகிறவர்கள் குடும்பத்தோடு தங்கும் மேல் கேம்ப். செல்லம் அங்கேதான் இருந்தாள்.

மேலே போகிற பாதையைப் பார்த்தேன். செங்கோட்டை மலையிலும் கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஆனால் அங்கே தார் உண்டு, ஓரத்தில் தடுப்புச் சுவர் உண்டு, இடையில் ஒரு பிள்ளையார் உண்டு. இங்கே காட்டுக்குள் செம்மண்ணில் இரண்டு சக்கரத் தடம் செங்குத்தாக ஏறிப்போனது, அவ்வளவுதான். நடுவில் வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள் முளையடித்தது போல நின்றன. மழைத்தண்ணீர் தடத்தையே வாய்க்காலாக்கி அரித்திருந்தது. மண் மேல் ஒரு அடிக்கு மக்கிய இலை. அந்த இலைக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது சக்கரம் இறங்கிய பிறகுதான் தெரியும்.

லாரி யுத்த காலத்துப் பட்டாள வண்டி. நாலு சக்கரமும் இழுக்கும் ரகம். நான் ஏறி உட்காரப் போனேன், அந்தோணி தடுத்தான்.

"இருங்க அண்ணாச்சி. வால் ஏத்தணும்."

ராஞ்சிப் பக்கத்து ஆட்கள் நாலு பேர் வந்தார்கள். கீழே கிடந்த ஒரு கட்டையைத் தூக்கினார்கள். ஆள் உயரத்துக்கு மேல் நீளம், இரும்பு கனத்த படாக் மரம், தலையில் அறைந்த இரும்பு வளையம், அதிலிருந்து தடித்த சங்கிலி. நாலு பேரும் ஏலேலோ போட்டுத்தான் அது லாரியின் பின்பக்கம் ஏறியது. தமிழர்கள் அதை வால் என்றார்கள், ராஞ்சிக்காரர்கள் தும் என்றார்கள், இரண்டும் ஒன்றுதான்.

அந்தோணி விளக்கினான். மேலிருந்து மரம் ஏற்றி இறங்கும்போது வண்டிக்குப் பிரேக் மட்டும் போதாது, ஈரமண்ணில் சக்கரம் நின்றாலும் வண்டி நிற்காது, வழுக்கிக்கொண்டே போகும். அதனால் இந்தக் கட்டையைச் சங்கிலியால் பின்னால் கட்டிவிடுவார்கள். அது மண்ணைக் கீறிக்கொண்டு வந்து வண்டியைப் பிடித்து இழுக்கும். அடிவாரத்தில் கழற்றிப் போட்டுவிட்டு, அடுத்து யார் மேலே ஏறுகிறார்களோ அவர்கள் அதை ஏற்றிக்கொண்டு போக வேண்டும்.

"மேல மரத்துக்கா பஞ்சம்? அங்கேயே ஒண்ணு வெட்டிக் கட்ட வேண்டியதுதான?"

"வளையம் அறையணும், சங்கிலி வேணும். சங்கிலி ஒண்ணுதான் இருக்கு. அதுவும் போக, பாதை ஒத்தை. மேல வால் இருந்தாத்தான் வண்டி எறங்கலாம். வால் இல்லன்னா கீழருந்து எவனோ வாரான்னு அர்த்தம்."

எனக்கு உடனே புரிந்தது. செங்கோட்டை ஸ்டேஷனில் ரயில் டிரைவர் கையில் வளையம் கொடுப்பார்கள். அது கையில் இல்லாமல் ஒற்றைத் தண்டவாளத்தில் வண்டியை எடுக்க மாட்டார். நல்ல ஏற்பாடு என்று சொன்னேன். அந்தோணி வண்டியை எடுத்தான்.

முதல் கியரிலேயே ஏறினோம். வண்டி மூக்கு வானத்தைப் பார்த்தது. பானெட்டுக்கு அப்பால் பாதை தெரியவில்லை, அவன் மனப்பாடமாக ஓட்டினான். ஒரு வளைவில் ஒரே திருப்பில் திரும்ப முடியாமல் பின்னால் எடுத்து, மறுபடி திருப்பினான். பின்சக்கரத்துக்குக் கீழே பள்ளத்தில் மூங்கில் தலைகள் ஆடின. இன்னொரு இடத்தில் வலது சக்கரம் அடிக்கட்டை மேல் ஏறி வண்டி சாய்ந்தது. நான் என்னையறியாமல் இல்லாத பிரேக்கைக் காலால் அழுத்தினேன். எத்தனையோ வருஷமாக மலையில் ஓட்டியவன் நான். அந்தப் பாதையில் ஒரு பர்லாங்கு ஓட்டச் சொல்லியிருந்தால் இறங்கி நடந்திருப்பேன். முத்தையா மேல் இருந்த கோபம் அந்த ஏற்றத்திலேயே பாதி குறைந்துவிட்டது. இங்கே வண்டி கவிழ்வது அதிசயமில்லை, கவிழாமல் இத்தனை நாள் ஓட்டியதுதான் அதிசயம்.

செல்லம் மேல் கேம்ப் அடுப்படியில் இருந்தாள். கேம்ப் ஆட்களுக்கு அவள்தான் சமையல். என்னைப் பார்த்ததும் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "அண்ணே" என்று ஒரு சொல்தான். பிறகு என் நெஞ்சில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். ராஞ்சிக்காரர்கள் தட்டை வைத்துவிட்டு எழுந்து வெளியே போய் நின்றார்கள். அவள் கட்டியிருந்தது பழைய பச்சைச் சேலை. நெற்றி மட்டும் வெறுமையாக இருந்தது.

சாப்பாட்டுக்குக் கழி மீன் குழம்பு வைத்தாள். புளிக்குப் பதில் ஏதோ காட்டுக்காய் போட்டிருந்தாள், ஆனால் வாசனை அம்மா வைக்கும் குழம்பின் வாசனை. அப்போது ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்தாள். அந்தோணியின் மனைவி பிலோமினா. குழந்தையைச் செல்லத்தின் மடியில் போட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல் தலையைக் குனிந்தபடி தண்ணீர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு போனாள். குழந்தை செல்லத்தின் சேலைத் தலைப்பை வாயில் வைத்துச் சப்பியது. அவளும் அதைத் தடுக்கவில்லை.

மறுநாள் காலையில் முத்தையாவை அடக்கம் செய்த இடத்துக்குக் கூட்டிப்போனாள். கேம்ப்புக்குப் பின்னால், வெட்டவெளியில், கல் அடுக்கிய மேடு. கேம்ப் ஆட்களே தூக்கி வந்து அடக்கினார்களாம். நான் கொண்டுபோயிருந்த ஊர் விபூதியை அதில் தூவினேன்.

"கிளம்பு செல்லம். அம்மா காத்துக்கிட்டிருக்கா" என்றேன்.

"ஒக்காருங்க அண்ணே. வண்டி எப்படிப் போச்சுன்னு ஒங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாவ. நான் சொல்லுதேன்."

அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"அன்னைக்கு விடிஞ்சதுலருந்து மழை. அவுக லாரி இங்க மேல நிக்கி, மரம் ஏத்தல. அந்தோணி லாரி கீழ. பிலோமினாவுக்குப் பிள்ள நோவு கண்டுட்டு, ரத்தம் நிக்கல. இங்க பேறு பாக்கிற ராஞ்சிக்காரி, மாயாபந்தர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாத்தான் பொழைப்பான்னுட்டா. வாலைக் கொண்டாரச் சொல்லிக் கீழ அந்தோணிக்கு ஆள் விட்டோம். அவனுக்குப் பொண்டாட்டி மொகத்தைப் பாக்கணும், கையோட கூட்டிட்டு எறங்கணும். கீழ லோடு தூக்குற ஆளுக எல்லாம் ரேஷன் வாங்கக் கழிக்கு அந்தப் பக்கம் போயிட்டாவ. ஒத்தை ஆளா வாலைத் தூக்க முடியுமா? அப்படியே வண்டிய எடுத்துட்டு மேல வந்துட்டான்."

"வால் இல்லாமலா?"

"வால் இல்லாமதான். வந்து நிக்கும்போதே அவன் கையும் காலும் ஆடுது. இவுக பாத்தாவ. 'நீ இந்தக் கையோட ஓட்டாத, பின்னால போய் அவ தலைய மடியில வச்சுக்க. நான் எடுக்கேன்'னாவ. நான்தான் கேட்டேன், 'வால் இல்லியே'ன்னு. 'வால் வார வரைக்கும் ரெண்டு உசுரு நிக்காது புள்ள'ன்னு சொல்லிட்டு ஏறுனாவ. நானும் பின்னால ஏறிட்டேன். மூணாவது வளைவு வரைக்கும் நல்லாத்தான் வந்தாவ. அங்க வண்டி வழுக்கிட்டு. பிரேக் போட்டும் நிக்காம போவுது. இடது பக்கம் பள்ளம். வலது பக்கம் மலை, பெரிய பாறை."

நான் டிரைவர் என்பதால் மிச்சம் எனக்குத் தெரிந்துவிட்டது. வழுக்கும் வண்டியை நிறுத்த மலைப்பக்கம் ஒடித்து மோதுவதைத் தவிர வேறு வழியில்லை. மலை வலது பக்கம். நம் வண்டிகளில் டிரைவர் சீட்டும் வலது பக்கம்.

"வேணும்னேதான் திருப்புனாவ அண்ணே. எனக்குத் தெரியும். எங்க மூணு பேருக்கும் கீறல் இல்ல. மேலருந்து ஆளுக ஓடியாந்து பிலோமினாவை மூங்கில்ல தூக்கிட்டு எறங்குனாவ. கீழ படகுலயே பிள்ள பொறந்துட்டு. தந்தியில கவுந்துட்டுன்னு எவனோ எழுதிட்டான். வண்டி கவுழவே இல்ல."

அந்த இடத்திலேயே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். பிறகு எழுந்து நேராக அந்தோணியின் கொட்டகைக்குப் போனேன். என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. அவன் லாரிச் சக்கரத்துக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்ததும் பம்ப்பைக் கீழே வைத்தான்.

"ஏம்ல, ஹேடோவுலருந்து கூடவே வந்தியே, ஒரு வார்த்தை சொன்னியா?"

"ஹேடோவுலயே சொல்லணும்னுதான் வந்தேன் அண்ணாச்சி. ஓட்டல்ல சொல்லலாம்னு நெனச்சேன், நீங்க சாப்பிட்டுக்கிட்டிருந்தீங்க. கப்பல்ல நீங்களே கேட்டீங்க, வாய் வரல. அவனக் குடிச்சானான்னு கேட்டீங்களே, அப்பவே கடல்ல குதிச்சிரலாம்னு இருந்துச்சு." அவன் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். "அடிங்க. அடிச்சிட்டுப் போங்க. அக்கா ஒரு வார்த்தை ஏசல. அதத்தான் என்னால தாங்க முடியல."

கையை ஓங்கினேன். கொட்டகைக்குள் குழந்தை சிணுங்கும் சத்தம் கேட்டது. என் மனைவி இப்படி ரத்தத்தில் கிடந்து, நான் கீழே ஒற்றை ஆளாக நின்றிருந்தால் வாலைத் தேடியிருப்பேனா? தேடியிருக்க மாட்டேன். வண்டியை எடுத்திருப்பேன். ஓங்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பம்ப்பைக் குனிந்து எடுத்து, மீதிக் காற்றை நான் அடித்தேன். ஒருவன் மேல் கோபப்படக்கூட முடியாத துக்கம் மாதிரி கொடுமை வேறு இல்லை.

செல்லத்திடம் மறுபடி போய், நாளைக் காலையில் கிளம்புகிறோம் என்று சொன்னேன். "கீழ வரைக்கும் வாரேன் அண்ணே" என்றாள். எனக்கு வேண்டியது காதில் விழுந்தது. அவள் வருகிறாள் என்றே எடுத்துக்கொண்டேன். அம்மாவிடம் என்ன சொல்லிச் சமாதானப்படுத்துவது, எந்த அறையை அவளுக்கு ஒழித்துக் கொடுப்பது என்றெல்லாம் யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

காலையில் மரம் ஏற்றிய லாரியின் பின்னால் வாலைக் கட்டினார்கள். ராஞ்சிக்காரர்களின் தலைவன் எத்வா சங்கிலியைக் காலால் உதைத்துப் பார்த்தான். அந்தோணி போய் உதைத்துப் பார்த்தான். பிறகு செல்லம் அடுப்படியிலிருந்து வந்து, குனிந்து, கொக்கியைக் கையால் இழுத்துப் பார்த்தாள். அவள் பார்க்காமல் எந்த வண்டியும் இறங்குவதில்லையாம். எத்வா ஹிந்தியில் அதைச் சொல்ல, அந்தோணி தமிழில் சொன்னான்.

"நீங்க ஓட்டுறியளா அண்ணாச்சி?" என்று அந்தோணி கேட்டான். மரியாதைக்காகக் கேட்டானா, தன் கையை நம்பாமல் கேட்டானா தெரியவில்லை. வேண்டாம் என்றேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருந்தது.

இறக்கத்தில் இன்ஜின் உறுமியது. கிளட்சை மிதிக்கவே இல்லை அவன். பிரேக்கை விட்டு விட்டுத் தொட்டான். மரச்சுமை எங்களை முன்னால் தள்ளியது, வால் பின்னால் இழுத்தது. இரண்டுக்கும் நடுவில் வண்டி ஊர்ந்தது. கட்டை மண்ணைக் கீறுகிற சத்தம் காடெல்லாம் கேட்டது. ஒரு இடத்தில் முன்சக்கரம் இலைக்கடியில் சறுக்கி வண்டி பள்ளத்துப் பக்கம் நகர்ந்தது. செல்லம் என் கையைப் பிடித்தாள். பின்னால் சங்கிலி விண்ணென்று இறுகியது. வண்டி நின்றது. அந்தோணி வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி விட்டான். இது ஒன்று இருந்திருந்தால் முத்தையா இன்றைக்கு இருந்திருப்பான். மூன்று பேருக்கும் அந்த நினைப்புத்தான் இருந்திருக்கும்.

மூன்றாவது வளைவில் பாறை ஜன்னலை உரசுகிற மாதிரி நெருங்கியது. மோதிய லாரியின் பச்சைப் பெயின்ட் இன்னும் அதில் ஒட்டியிருந்தது. அந்தோணி ஜன்னல் வழியாக வலது கையை நீட்டி, கடக்கும்போது பாறையைத் தொட்டான். செல்லம் கண்ணை மூடிக்கொண்டாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அடிவாரத்தில் படகு தயாராக நின்றது. என் பெட்டியை அந்தோணி படகில் வைத்தான்.

"ஒன் பெட்டி எங்க?" என்று செல்லத்தைக் கேட்டேன்.

"கீழ வரைக்கும் வாரேன்னுதான அண்ணே சொன்னேன்."

கோபம் தலைக்கேறியது. அத்தனை பேர் முன்னால் கத்தினேன். காட்டுக்குள் யாருக்கு ஆக்கிப் போட்டுக் கிடக்கப் போகிறாய், அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன், பெத்தவள் உசுரோடு இருக்கும்போது நீ ஏன் அநாதை மாதிரி என்று என்னென்னவோ சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"கோடி கொண்டாந்திருக்கியளா?" என்றாள்.

நான் படகில் இருந்த பெட்டியைப் பார்த்தேன்.

"இருக்கும்னு தெரியும். அம்மா அனுப்பாம இருக்க மாட்டா. எடுக்காதீங்க அண்ணே." சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "அங்க வந்தா நான் தாலி அறுத்தவ. நல்ல காரியத்துக்குப் பொறப்பட்டவன் என்னப் பாத்தா உள்ள போயிட்டுத் திரும்ப வருவான். நீங்க என்னதான் தாங்குனாலும் தெருவைத் தடுக்க முடியாது. இங்க நான் இன்னமும் முத்தையா பொண்டாட்டி. வங்காளியும் ராஞ்சிக்காரனும் அப்படித்தான் கூப்புடுதான். அவுகளும் மேல அந்தக் கல்மேட்டுலதான் இருக்காவ. நான் பாட்டுக்கு அவுக பக்கத்துல இருந்துக்கிடுதேன்."

என் பஸ்ஸிலேயே வெள்ளைச் சேலைக்காரி முதலில் ஏறினால் கண்டக்டர் முகத்தைச் சுளிப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டிருப்பவன் நான். அவள் தலையைத் தொட்டுவிட்டுப் படகில் ஏறினேன். அந்தோணி என் காலில் விழ வந்தான், பிடித்து நிறுத்தினேன். "அவளைப் பாத்துக்க" என்றேன்.

படகு விலகும்போது பின்னால் திரும்பிப் பார்த்தேன். மரத்தை இறக்கிவிட்ட லாரியில் நாலு பேர் வாலைத் தூக்கி ஏற்றினார்கள். செல்லம் அவர்களுக்குப் பின்னால் ஏறி, அந்தக் கட்டையின் மேலேயே உட்கார்ந்து, சங்கிலியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு மலைமேல் ஏறியது. பச்சைச் சேலை காட்டின் பச்சையில் கலக்கிற வரைக்கும் பார்த்தேன்.

திரும்பி வந்த கப்பலில் எனக்கு வாந்தி வரவில்லை.

வீட்டு வாசலில் என்னைத் தனியாகப் பார்த்ததும் அம்மா என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். நான் பாறையைச் சொன்னேன், வலது பக்கத்து சீட்டைச் சொன்னேன், வண்டி கவிழவில்லை என்பதை இரண்டு தடவை சொன்னேன். செல்லம் சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னேன். அப்பா போனதிலிருந்து வெள்ளை கட்டுகிறவள் அவள். முழுக்கக் கேட்டாள். பெட்டியைத் திறந்து என் அழுக்கு வேட்டிகளை எடுத்து ஓரமாகப் போட்டாள். அடியில் கோடி மடிப்புக் கலையாமல் இருந்தது.

"பிரிக்கவே இல்லியா?"

"இல்லம்மா. எடுக்க வேண்டாம்னுட்டா."

அதை மடியில் வைத்துக் கையால் நீவினாள். "நல்லதுதான்" என்றாள். குளித்துவிட்டு வந்து, அந்தக் கோடியைப் பிரித்துத் தானே கட்டிக்கொண்டாள்.